நர்ஸம்மா, ஒரு சந்தேகம்: கொரோனா ஊசியும் சாத்திய கதவுகளும்

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் 34 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்துவிட்டு 2022-ல் ஓய்வு பெற்றேன். போன மாதம் இந்தப் பகுதியில் கொரோனா தடுப்பூசி பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஊசி போட வந்த செவிலியரைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. மூன்று மாதம் கழித்து அதே அம்மா வெயிலில் வரிசையில் நின்றார். படிக்காத சனம், பயந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடையில் என்னதான் நடந்தது?"
(வாசகி, சிவகாசி)

உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. எனக்கு அது புரிய மூன்று மாதம் ஆனது.

2021 ஜனவரி 16-ம் தேதி ஊசி தொடங்கியபோது முதலில் போட்டுக்கொண்டவர்கள் சுகாதாரப் பணியாளர்களான நாங்கள்தான். மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற நோயோடு 45 தாண்டியவர்களுக்கும் வந்தது. ஏப்ரலில் 45 தாண்டிய எல்லோருக்கும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என் பொறுப்பில் பீடி சுற்றுகிறவர்கள் நிறைந்த தெரு ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் நான் நுழைந்தால் முதல் வீட்டுப் பிள்ளை கடைசி வீடு வரை ஓடிப்போய்ச் சொல்லிவிடும். கதவுகள் சாத்திக்கொள்ளும். அந்த வீடுகளில் பாதிப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். அந்தப் பிள்ளைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டதும் நான். அப்படியும் சாத்தினார்கள். மனசு மிகவும் வலித்தது.

நாலாவது தடவை போனபோது ஒரு அக்கா மட்டும் திண்ணையில் இருந்தார். மடியில் சொளவு, அதில் வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். கை நிற்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசியைப் பற்றிப் பேசவில்லை, இலை இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சிஸ்டர், ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்ச வருதாம்லா. ரெண்டு நாளு நான் பீடி சுத்தலன்னா கூலி போச்சு. புதன்கிழம குழுக் கடன் கட்டணும். நீங்க வந்து கட்டுவியளா?"

அந்த அக்கா கணக்குப் போட்டிருந்தார். கொரோனா வரலாம், வராமலும் போகலாம். காய்ச்சல் வந்தால் கூலி போவது நிச்சயம். அந்தக் கணக்கில் எங்கே தப்பு? நாங்கள்தான் போகிற வீட்டிலெல்லாம் "ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஜனவரியில் ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி எனக்கே உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் இடது கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. பக்கத்து வீட்டு மைனி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த ஊர், நான் "ஒண்ணும் செய்யாது" என்றால் எப்படி நம்பும்?

அன்றிலிருந்து பேச்சை மாற்றினேன். "காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். கை வலிக்கும். இந்தா பாராசிட்டமால். பீடிக்கடை லீவு ஞாயிற்றுக்கிழமைதானே, சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கோங்க." முகாமையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அந்தத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லி எங்கள் டாக்டரிடம் மல்லுக்கட்டினேன். சரி என்றார்.

அங்கேயும் ஒரு தப்பு நடந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டியதுதான். வீணாக்கினால் மேலிருந்து கேள்வி வரும். முதல் சனிக்கிழமை 6 பேர் வந்தார்கள். "இன்னும் நாலு பேர் வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பயத்தை விழுங்கிக்கொண்டு படியேறி வந்தவர்களை நாங்களே திருப்பி அனுப்பினோம். அந்த இரண்டு பேரை மறுபடி கூட்டி வர எனக்கு ஒரு மாதம் ஆனது. மருந்து வீணானால் ஒரு குப்பிதான் போகும். இதை அன்றைக்கே சத்தமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று இன்றும் வருத்தம் உண்டு.

அப்புறம் மே மாதம் வந்தது. 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. அந்தத் தெருவிலேயே ஒரு சாவு. நல்ல திடகாத்திரமான மனிதர், ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் பொட்டலமாக வந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. மறுவாரம் என் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். அப்போது மருந்து இல்லை! ஐம்பது டோஸ் வரும், இருநூறு பேர் நிற்பார்கள், டோக்கன் கொடுத்து மீதிப் பேரை அனுப்புவோம். உங்கள் அம்மா வெயிலில் நின்றது அந்த வரிசையாகத்தான் இருக்கும். நான் பேசி மனம் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான், சாவைப் பார்த்து மாறியவர்கள் அதிகம். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

"நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தார். இன்று வரை என் கணவர் அதைத்தான் சொல்கிறார். திடீர் மரணங்களுக்கெல்லாம் ஊசிதான் காரணம் என்கிறார். என்ன பதில் சொல்ல?"
(வாசகி, தஞ்சாவூர்)

2021 ஏப்ரல் 15, வியாழக்கிழமை. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே விவேக் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி விடிகாலையில் இறந்தார். அடுத்த திங்கட்கிழமை எங்கள் முகாமுக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரும் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்தவர்.

இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுசாக அடைத்திருந்ததாக அவருக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த அளவுக்குக் கொழுப்பு படிவதற்குப் பல வருடம் ஆகும். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் முடிவு சொன்னது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்த முடிவு வெளியே வந்தது அக்டோபரில். ஆறு மாதம்! காக்கை உட்கார்ந்ததையும் பழம் விழுந்ததையும் ஊரே டிவியில் பார்த்தது, பனை ஏற்கெனவே பழுத்திருந்தது என்ற சேதி வந்தபோது கேட்க ஆளில்லை. உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

திடீர் மரணத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 பெரிய மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயது வரை திடீரென்று இறந்த 729 பேரை எடுத்து, அதே வயது, அதே பகுதியில் உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2023-ல் முடிவு வந்தது. ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கூட்டியவை வேறு: குடும்பத்தில் யாராவது அப்படித் திடீரென்று இறந்திருப்பது, கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, அளவு மீறிய குடி, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் செய்த கடுமையான உடற்பயிற்சி. உங்கள் மாமனார் வழியிலோ மாமியார் வழியிலோ சின்ன வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர் உண்டா? இருந்தால் கணவரை ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய பயத்துக்கு நான் சொல்லும் உருப்படியான மருந்து அதுதான்.

"ஊசி போட்டவர்களும்தானே இறந்தார்கள்? அப்புறம் அதனால் என்ன பயன்? நம்பும்படியான கணக்கு எதாவது இருக்கிறதா?"
(வாசகர், தேனி)

இருக்கிறது, அதுவும் நம் ஊர்க் கணக்கு. தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1,17,524 பேரை எடுத்துக்கொண்டு, 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை அடித்த அந்த ஒரு மாதத்தில் யார் யார் கொரோனாவால் இறந்தார்கள் என்று சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் பார்த்தார்கள். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அதில் 20 பேர் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர், 7 பேர். இரண்டும் போட்டவர்கள் 67,673 பேர், 4 பேர்.

இதை ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருந்தேன். கேட்கிறவர்களிடம் தாளைக் கொடுத்து அவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்வேன். போடாதவர்களில் ஏறக்குறைய 850 பேருக்கு ஒருவர். இரண்டும் போட்டவர்களில் 17,000 பேருக்கு ஒருவர். அந்த 4 பேருக்கும் ஒவ்வொரு குடும்பம் உண்டு, அந்த வீடுகளில் போய் "ஊசி காப்பாற்றும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேலியே இல்லாத வயலும் வேலி போட்ட வயலும் ஒன்றல்ல என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

"என் அம்மாவுக்கு 72 வயது. 2021-ல் இரண்டு டோஸ் கோவிஷீல்டு. ரத்தம் உறையும் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டதாகச் செய்தி படித்ததிலிருந்து தூக்கமில்லை. பரிசோதனை ஏதும் செய்ய வேண்டுமா?"
(வாசகர், கோவில்பட்டி)

வேண்டாம். அந்தச் செய்தி உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. அரிதாக அப்படி நடக்கும் என்பது 2021-லேயே தெரியும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, கூடவே ரத்தம் உறைந்து கட்டியாகும். ஆனால் அது பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள், அதிகமும் முதல் டோஸுக்குப் பிறகு வந்தது. வருடங்கள் கழித்து வருவதில்லை. இந்தியாவில் 2021 மே மாதம், நான் மேலே சொன்ன தேசியக் குழு கொடுத்த கணக்கு 10 லட்சம் டோஸுக்கு 0.61. அதே சமயம் இங்கிலாந்தில் 10 லட்சத்துக்கு 4, ஜெர்மனியில் 10 என்றும் அந்த அறிக்கையிலேயே இருந்தது. இதை அன்றைக்கே ஊர் ஊராகச் சொல்லியிருந்தால், "கடுமையான தலைவலி, கால் வீக்கம், வயிற்று வலி வந்தால் உடனே வாங்க" என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால், உங்கள் அம்மா இப்போது தூக்கம் கெட்டிருக்க மாட்டார். அவருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"முதலில் கர்ப்பிணிகள் போடக்கூடாது என்றீர்கள், அப்புறம் போடச் சொன்னீர்கள். 28 நாளில் இரண்டாம் டோஸ் என்றீர்கள், அப்புறம் 84 நாள் என்றீர்கள். யாரை நம்புவது?"
(வாசகி, திருப்பூர்)

இதே கேள்வியை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஆரம்பத்தில் ஊசியைச் சோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் போடச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. இரண்டாம் அலையில் கர்ப்பிணிகள் மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். அதற்குள் வேறு நாடுகளில் போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளின் விவரமும் வந்தது. 2021 ஜூலை 2-ல் மத்திய அரசு அனுமதித்தது. கோவிஷீல்டு இடைவெளியும் அப்படித்தான், முதலில் 4 வாரம், மார்ச்சில் 6 முதல் 8, மே மாதம் 12 முதல் 16. தள்ளிப் போட்டால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வருகிறது என்று இங்கிலாந்தில் பார்த்திருந்தார்கள். "ஸ்டாக் இல்லைன்னுதானே தள்ளுறிய?" என்று அவள் கேட்டாள். ஸ்டாக்கும் இல்லை, அதையும் ஒத்துக்கொண்டேன். யோசித்து மறுநாள் மாமியாரோடு வந்து போட்டுக்கொண்டாள். தெரிந்தது மாறும்போது சொல்வதும் மாறும். மாற்றிய காரணத்தைச் சேர்த்துச் சொல்லாததுதான் எங்கள் பக்கத்துக் குறை.

"ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது என்று சொன்னது உண்மையா?"
(வாசகர், நாமக்கல்)

இல்லை. ஆனால் ஊரே நம்பியது. 2021 செப்டம்பர் 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் மெகா முகாம், மாநிலம் முழுக்க 40,000 இடங்கள், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் ஊசி. அத்தனை நடந்தும் ஞாயிறு கறி எடுக்கிற நாள், குடிக்கிற நாள் என்று பலர் வராமல் இருந்தார்கள். அக்டோபரில் அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. எனக்கு அது மிகவும் பிடித்தது. சனங்களை மாற்றுவதற்கு முன்னால் கிழமையை மாற்றிப் பார்த்தார்கள்.

"அந்தக் காலத்தில் இப்படியா? வாட்ஸ்அப் வந்த பிறகுதானே இந்த வதந்தியெல்லாம்?"
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, என் ஆச்சி சொன்ன கதை ஒன்று. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றால் பிள்ளைகளை ஒளித்துவைப்பார்களாம். என் அம்மாவை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். அம்மன் இறங்குகிறதை மனுசன் குத்தித் தடுக்கலாமா என்பது அவர்கள் பயம். கடைசியில் குத்தத்தான் செய்தார்கள், அந்த வட்டத் தழும்பு அம்மா சாகும்வரை கையில் இருந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

படித்தவர்களும் எதிர்த்திருக்கிறார்கள். காசநோய்க்கான பிசிஜி மருந்தை 1948 முதல் கிண்டியிலேயே தயாரித்தோம். 1954 வரை முதலமைச்சராக இருந்த ராஜாஜி மறுவருடமே அந்த ஊசிக்கு எதிராக எழுதினார். 1968-ல் தொடங்கிச் செங்கல்பட்டுப் பக்கம் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து பிசிஜியைச் சோதித்தபோது, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவதை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் போன்ற கொடியவற்றைத் தடுக்கிறது, அதனால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம் கிராமத்தில் ஊசி போடுவதையே நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்த வாரம் பேருந்தில் என்னோடு வந்த ஒரு தாய், நான் யாரென்று தெரிந்ததும் மடியில் இருந்த பிள்ளையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். 2017-ல் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் வதந்தி பரவி, ஒரு மாதத்தில் முடிக்க வேண்டியதை நீட்டிக்க வேண்டியதானது. அப்போது என்னிடம் சண்டைக்கு வந்த பெற்றோரில் பலர் 2008-ஐத்தான் சொன்னார்கள். வாட்ஸ்அப் சேதியைக் கொண்டுவருகிறது. பயம் அதற்கு முன்பே வீட்டில் இருக்கிறது.

"இவ்வளவு கெஞ்சுவானேன்? ஊசி போடாவிட்டால் ரேஷன் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்குமே?"
(வாசகர், சேலம்)

முடிந்திருக்காது. சில மாவட்டங்களில் சான்றிதழ் இருந்தால்தான் கடைக்குள் விடுவோம், மது விற்போம் என்று உத்தரவு போட்டார்கள். மேலே இருந்து எண்ணிக்கை கேட்டு நெருக்கினார்கள். அதனால் என்ன நடந்தது தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு இரண்டாம் டோஸ் போட்டாயிற்று என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. அவர் அன்றைக்கு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "தாயி, போடாத ஊசியப் போட்டேங்கானுவ. அப்ப அந்த மருந்துல என்ன இருக்குன்னு சொல்லுறத மட்டும் எப்படி நம்ப?" என்றார். யார் பதிந்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற நாட்களில் அது ஒன்று. அவர் இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை.

2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னது. ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளின் விவரத்தைச் சனங்கள் பார்க்கும்படி வெளியிடவும் சொன்னது. இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை ஊசி போட வேண்டும். கொரோனா ஊசிக்கு அப்புறம் என் மாமியார் 'இனி எந்த ஊசியும் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம்' என்கிறார். கணவர் நடுவில் தவிக்கிறார்."
(வாசகி, உசிலம்பட்டி)

அத்தையிடம் வாதாடாதீர்கள் தாயி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை அவர் மடியிலேயே இருக்கட்டும். இந்த மருந்து தூளாக இருக்கும், அதற்கென்று வரும் நீரில் கரைத்துத்தான் போடுவார்கள். கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் குப்பி மேல் நேரம் எழுதி வைப்பார்கள். அதைக் காட்டச் சொல்லி அத்தையையே கேட்கச் சொல்லுங்கள். ஊசிக்குழலை உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். நல்ல செவிலியர் கோபப்பட மாட்டார். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலோ சின்னத் தடிப்போ வந்தால் அது இந்த ஊசியில் வழக்கம் என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த டோஸ் ஒன்றே கால் வயசு தாண்டி, 16 மாதத்துக்கு மேல். அட்டையில் தேதி எழுதி வாங்க மறக்காதீர்கள்.